மேல் மட்டுமா, கீழும் சேர்த்தா?

மேல் மட்டுமா தங்கச்சி, கீழும் சேர்த்தா?

என்ன முழிக்கிறீங்க? மேல்னா உதட்டுக்கு மேல. கீழ்னா உதட்டுக்குக் கீழ, நாடி. எங்க கடையில அப்படித்தான் கேக்குறது. ஆம்பளைக்குன்னு வச்ச வார்த்தை ரெண்டு இருக்குல்ல, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, அது ரெண்டும் இருபத்திரண்டு வருஷமா இந்த வாசப்படி தாண்டி உள்ள வந்ததில்ல. ஒரு பொம்பளை கண்ணாடி முன்னாடி உக்காந்திருக்கா, பக்கத்து பெஞ்சுல நாலு பேரு காத்திருக்காக, அவகிட்டப் போயி அந்த வார்த்தையைச் சொன்னா அவ மனசு என்ன பாடுபடும்? அதான் மேல், கீழ். இப்ப இந்த வத்தலக்குண்டுல எல்லாப் பார்லர்லயும் அப்படித்தான் கேக்குறாளுக. ஆரம்பிச்சு வச்சது நான்.

சேர்த்தா? சரி. பார்த்ததுமே தெரிஞ்சுது எனக்கு. ஒரு மரியாதைக்குக் கேக்குறதுதான்.

சாய்ஞ்சு உக்காருங்க. மண்டபத்துக்கு ஆறு மணிக்குப் போனாப் போதும்னு சொன்னீங்கள்ல, நேரம் கிடக்கு. தலையை இப்படி ஜன்னல் பக்கம் வையுங்க. எனக்கு வெளிச்சம் இருந்தாப் போதும், மூக்குக்கண்ணாடி தேவையில்ல. மக ஒண்ணு வாங்கிக் குடுத்தா. அவளே லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, எழுத்து வாசிக்கச் சொல்லி, பவர் பார்த்துக் குடுத்தா. மேசைக்குள்ள கிடக்கு. நூல் பிடிச்சு முடி எடுக்கிறவ மூக்குல கண்ணாடி இருந்தா எவ நம்பி மூஞ்சியைக் குடுப்பா? பயப்படாதீங்க. கை பார்த்துக்கும்.

பவுடர் போடுறேன், மூச்சை இழுக்காதீங்க. முன்னெல்லாம் நூலைப் பல்லுலதான் கடிச்சுக்கிடுவேன். கொரோனா வந்ததுல இருந்து வாயில வைக்கக் கூடாதுன்னுட்டாக, கழுத்துல மாட்டிக்கிட்டேன். அதுல ஒரு லாபம், வாய் சும்மா இருக்கு. நாக்கால உள்ள இருந்து மேல் உதட்டைத் தள்ளுங்க. ம், அப்படித்தான். இனிமே நீங்க பேச முடியாது. நான் பேசுறேன்.

மேகலா பியூட்டி பார்லர்னு போர்டு பார்த்துத்தானே மாடி ஏறுனீங்க? மேகலா நான் இல்ல. என் மக. மணிமேகலை. எனக்கு ராஜாத்தின்னு ஒரு பேரு இருக்கு, அது ரேஷன் கார்டுல மட்டும்தான் இருக்கு. ஊருக்குள்ள மேகலாம்மா. அவ பேருல கடை வச்சு, அவ பேராலயே என்னைக் கூப்பிட்டு, இப்ப அவ இந்தக் கடைப்படி ஏறி நாலு மாசம் ஆச்சு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாக.

மதுரையில ஒரு கண்ணாடிக் கடையில கண்ணு டெஸ்ட் பண்ற வேலை அவளுக்கு. படிச்ச படிப்பே அதுதான். இருபத்தாறு வயசு. நல்ல நெறம், நல்ல உசரம். சாமி எல்லாத்தையும் குடுத்துட்டு ஒண்ணுல மட்டும் கையை வச்சுட்டான். அவளுக்குப் பதினாலு வயசு இருக்கையில பள்ளிக்கூடத்துக்குச் சடை போட்டு விடுறேன், நாடியில மூணு முடி. கருகருன்னு. எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியல. எனக்கெல்லாம் கிடையாது. எங்க வம்சத்துலயே கிடையாது.

என் மூஞ்சியைப் பார்க்காதீங்க தங்கச்சி, மேல ஃபேனைப் பாருங்க. அப்பத்தான் தோலு விறைப்பா நிக்கும்.

அன்னையில இருந்து ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை. கடை திறக்கிறது பத்து மணி. நாங்க ரெண்டு பேரும் ஒம்பது மணிக்கே வந்து உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்குவோம். இதே நாற்காலி. ஒரு வாரம் தவறுனதில்ல, பன்னெண்டாவது பரீட்சைக்கும் தவறல, அவ அப்பா செத்த மாசத்துலயும் தவறல. பதினொரு வருஷம். வலிக்குதும்மாம்பா. வலிச்சாத்தாண்டி வேரோட வரும்னு சொல்லுவேன். முடிஞ்சதும் கீழ போயி ரெண்டு பேரும் பரோட்டா சாப்பிடுவோம். ஒரு பய, ஒரு சிறுக்கி கண்டுபிடிச்சதில்ல. என் கைக்குள்ள வச்சு மூடிக் காப்பாத்துன பிள்ளை அது.

போன சித்திரையில வந்து நிக்கிறா. லேசர் ஆரம்பிக்கப் போறேன்ம்மாங்கிறா. எனக்கு லேசர்னா கண்ணு ஆபரேஷன்தான் தெரியும். இல்லம்மா, முடிக்கும் இருக்கு, எட்டு சிட்டிங், மதுரையிலயே நல்ல டாக்டர்னா. ஒரே தடவையில சுட்டுத் தொலைச்சா என்னன்னு கேட்டேன். எல்லா முடியும் ஒரே நேரத்துல முளைக்காதாம். முறை வச்சு முளைக்குமாம், ரேஷன் கடையில சீனி போடுற மாதிரி. முளைச்சு நிக்கிறதை மட்டும்தான் அந்த வெளிச்சம் பிடிக்குமாம். அதனால ஆறு வாரத்துக்கு ஒரு தடவை போகணுமாம்.

இது வரைக்கும் சரி. அடுத்து ஒண்ணு சொன்னா பாருங்க. இடையில நூல் போடக் கூடாதாம். வாக்ஸ் கூடாது, பிளீச் கூடாது, பிளக்கரால ஒரு முடி பிடுங்கக் கூடாது. வேர் உள்ள இருக்கணுமாம், வேரைப் பிடிச்சுத்தான் சூடு உள்ள இறங்குமாம். நான் குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும் அரைச்சு வச்சிருந்தேன், அதுவும் வேண்டாம்னுட்டா. தோலு நெறம் மாறியிருந்தா சுட்டுப் புண்ணாயிருமாம். அப்ப ஆறு வாரம் வளருமேடி, அதை என்னடி பண்ணுவன்னேன்.

பையைத் திறந்து எடுத்து வைக்கிறா. ரோஸ் கலரு. விரல் நீளம். நுனியில பிளேடு.

அது பேரைச் சொல்ல மாட்டேன். கீழ சலூன்ல வாசல்ல துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கானுகள்ல, அதேதான். என் மக, மேகலா பார்லர் மேகலா, தாய் நூல் பிடிச்சே வளர்த்த பிள்ளை, பாத்ரூம் கண்ணாடி முன்னாடி கன்னத்தை உப்பிக்கிட்டு நிக்கிறா. அவ அப்பா நிக்கிறாப்லயே நின்னா தங்கச்சி. கையைத் தூக்குறது, நாடியை ஒருச்சாய்ச்சுக் காட்டுறது, எல்லாம் அவர்தான். அடியே, பிளேடு பட்டா காடா முளைக்கும்டின்னேன். அதெல்லாம் கட்டுக்கதைம்மா, நுனி மொட்டையா இருக்கிறதால அப்படித் தெரியும், அவ்வளவுதான்னு சிரிக்கிறா. ரெண்டு நிமிஷத்துல முடிச்சிட்டு, கத்தாழை ஜெல்லைத் தடவிக்கிட்டு, இட்லி இருக்காம்மான்னு வந்து உக்காந்துட்டா. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. ஒண்ணுமே நடக்காத மாதிரி.

வலிக்குதா? இந்த ஓரம் வலிக்கத்தான் செய்யும். ஆச்சு.

அப்புறம் ஞாயித்துக்கிழமைக்கு அவளுக்கு இங்க என்ன வேலை? வருவா, இல்லைங்கல. ஆனா நாற்காலியில உக்கார மாட்டா. பெஞ்சுல உக்காந்து போனைப் பார்த்துக்கிட்டு இருப்பா. ஒரு வாரம் வழவழன்னு இருக்கும், ஒரு வாரம் வந்தா சொரசொரன்னு இருக்கும். எனக்கு விரலு துறுதுறுங்கும். ஒரே ஒரு தடவை எடுத்து விடுறேன்டிம்பேன். கூடாதும்மா, வேரு, வேரும்பா. என்னமோ ரோஜாச்செடி வச்ச மாதிரி வேரு வேரும்பா.

நாலு சிட்டிங் முடிஞ்சுது. குறைஞ்சுச்சான்னா, குறைஞ்சுதான் இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது. தொட்டுப் பாரும்மான்னு ஒரு நாள் நாடியை நீட்டுனா. தொட்டேன். எனக்கு என்னமோ போல ஆயிருச்சு. எந்த இடத்துல எந்த முடின்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன், அங்க பாதி இடத்துல ஒண்ணையும் காணோம். இன்னும் நாலுதான்ம்மா, அப்புறம் உன்கிட்ட எனக்கு வேலையே இல்லைன்னு சிரிச்சா. சிரிக்கிற பேச்சா அது?

சரி, கதைக்கு வர்றேன். ஐப்பசியில ஒரு வரன் வந்துச்சு. போடிப் பக்கம். மாப்பிள்ளை பேரு கதிர்வேலு, விவசாய ஆபீசுல வேலை. தரகர் மொக்கச்சாமிதான் கொண்டு வந்தாரு. போட்டோ பார்த்துப் பிடிச்சுப் போச்சு, ஜாதகமும் பொருந்திப் போச்சு, பொண்ணு பார்க்க வர்றோம்னாக. ஞாயித்துக்கிழமை. நாலரைக்கு ராகுகாலம், அதனால மூணு மணிக்கே வந்துருவோம்னாக.

நம்ம பக்கம் பொண்ணு பார்க்க வர்ற மாமியா மொத வேலையா என்ன செய்யும்? சொல்லுங்க. ஓ, பேச முடியாதுல்ல. நாடியைப் பிடிக்கும். அஞ்சு விரலையும் குவிச்சு நாடியைத் தொட்டு, அதை வாயில வச்சு முத்திக்கிட்டு, மகாலச்சுமியா இருக்காம்பாக. இது அந்த டாக்டருக்குத் தெரியுமா? ஆறு வாரம், எட்டு சிட்டிங்னு சொல்லத் தெரியுதே, மாமியா விரலு எந்த இடத்துல வந்து விழும்னு தெரியுமா அவுகளுக்கு? ஒரு முள்ளு, ஒரே ஒரு முள்ளு குத்துனாப் போதும், போடியில இருந்து சின்னமனூரு வரைக்கும் சாயங்காலத்துக்குள்ள போயிரும். உலை வாயை மூடலாம், ஊரு வாயை மூட முடியுமா?

மேகலாகிட்டச் சொன்னேன். ரெண்டு மணிக்கு நான் பண்ணிக்கிடுறேன்ம்மா, மூணு மணிக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும்னா. அவுக வர லேட்டாச்சுன்னா? வெயில்ல வேர்த்து முளைச்சுச்சுன்னா? ஒரு மணி நேரத்துல முளைக்குமாம்மான்னா. செவ்வாய்க்கிழமை அஞ்சாவது சிட்டிங் இருக்கு, நூல் போட்டா அது போச்சும்மான்னா. கல்யாணம் போனாப் பரவாயில்லையா, சிட்டிங் போகக் கூடாதான்னேன். நான் சனிக்கிழமை ராத்திரியும் சாப்பிடல, ஞாயித்துக்கிழமை காலையிலயும் சாப்பிடல. அழுதுக்கிட்டே கேசரி கிண்டுனேன். பதினொரு மணிக்கு அவளா எந்திரிச்சு வந்து, வாம்மா கடைக்குப் போவோம்னா.

இந்த நாற்காலிதான். கண்ணை மூடிக்கிட்டா. ஆறு மாசம் கழிச்சு என் பிள்ளை நாடி என் கைக்கு வந்துச்சு. ஒண்ணு விடாம எடுத்தேன் தங்கச்சி, பூனைமுடி விடாம எடுத்தேன். கண்ணுல தண்ணி வழிஞ்சு காதுக்குள்ள போகுது அவளுக்கு. நூல் போட்டா வரத்தானே செய்யும்? துடைச்சு விட்டேன்.

சரியா மூணு மணிக்கு வந்தாக. மாப்பிள்ளை, அவுக அம்மா சுந்தரவள்ளி, கூட ஒரு மாமா. கேசரி சாப்பிட்டாக. அந்தம்மா மேகலாவைப் பக்கத்துல உக்கார வச்சாக. நான் அடுப்படி நிலையில நின்னு பார்த்துக்கிட்டே இருக்கேன், இந்தா தொடப் போறாக, இந்தா தொடப் போறாகன்னு. கையைப் பிடிச்சாக. எனக்கு இடது கண்ணு மங்கலாத் தெரியுதுத்தா, என்னன்னு பாருன்னாக. இவ எந்திரிச்சு இமையை விலக்கிப் பார்த்து, புரை ஆரம்பிச்சிருக்கு, பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொன்னா. அந்தம்மாவுக்கு மனசு நெறைஞ்சு போச்சு. கொண்டு வந்த மல்லிகைப் பூவை வச்சு விட்டாக. பிடிச்சிருக்குன்னு அங்கேயே சொல்லிட்டாக.

நாடியைத் தொடவே இல்ல.

அதுக்காக நான் செஞ்சது தப்பாயிருமா? தொட்டிருந்தா? தொட்டிருந்தா யாரு பதில் சொல்றது?

நாக்கைத் தள்ளுங்க. விட்டுட்டீங்க பாருங்க.

செவ்வாய்க்கிழமை இவ சிட்டிங்குக்குப் போனா. அங்க ஒரு பிள்ளை விளக்கு வச்ச பூதக்கண்ணாடியில பார்த்துட்டு, நூல் போட்டிருக்கீங்க, உள்ள ஒண்ணுமே இல்ல, எதைப் பிடிக்கும், ஆறு வாரம் கழிச்சு வாங்கன்னு அனுப்பிருச்சு. இவ எனக்குப் போன் பண்ணி ஒரே வார்த்தை சொன்னா, இன்னைக்குச் செய்யலம்மான்னு. அதோட விட்டிருக்கலாம்ல? அன்னைக்குச் சாயங்காலம் அந்தப் பையன்கிட்டப் பேசியிருக்கா. பூ வச்சாச்சுல்ல, பேசிக்கிறாக. ஏன் ஒரு மாதிரி இருக்கீங்கன்னு கேட்டிருக்கான். இந்தக் கிறுக்கி எல்லாத்தையும் கொட்டிட்டா. நாடி, முடி, லேசரு, இடையில அது, நான் நூல் போட்டது, எல்லாம். எவளாவது சொல்லுவாளா? நீங்க சொல்லுவீங்களா?

அவன் என்ன சொன்னானாம் தெரியுமா? எங்க அக்காவுக்கும் உண்டு, அதுக்கென்னன்னானாம்.

மறுநாள் காலையில இங்க ஒரு கல்யாணப் பொண்ணுக்கு ஃபேசியல் போட்டுக்கிட்டு இருக்கேன். சுந்தரவள்ளியம்மா போன். சம்பந்தி, ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க, கதிரு சொன்னான், இதுல என்னங்க இருக்குன்னாக. அந்தம்மா பேசிக்கிட்டே போறாக. எனக்கே உண்டு சம்பந்தி, சின்ன வயசுல இருந்து கத்தரியை வச்சு நறுக்கிக்கிட்டுத்தான் இருக்கேன், அதனாலதான் எந்தப் பொண்ணு நாடியையும் நான் தொடறதில்ல, யாருக்கு எப்படியோ, பாவம்னாக.

சம்பந்தியாகப் போறவ வாயைப் பிடுங்குறா, நாம ஏமாந்துறக் கூடாதுன்னு எனக்குப் பட்டுச்சு. அந்த நேரத்துல நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? நான் சொன்னேன், அய்யய்யோ சம்பந்தி, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல, அவ விளையாட்டுக்குச் சொல்லியிருக்கா, மாப்பிள்ளை மனசு எப்படின்னு சோதிச்சுப் பார்த்திருக்கான்னேன். நம்பலையோன்னு இன்னும் அழுத்திச் சொன்னேன். எங்க வம்சத்துலயே அது கிடையாது, நல்ல குடும்பத்துப் பொம்பளைக்கு அப்படி வருமா, என் மக மேகலா மேல சத்தியம்னேன்.

சத்தமே இல்ல. சிக்னல் போச்சோன்னு ஹலோ ஹலோங்கிறேன். வச்சிட்டாக.

ரெண்டு நாள் கழிச்சு மொக்கச்சாமி வந்து நிக்கிறாரு. ஜாதகத்துல ஏதோ இடிக்குதாம், இப்ப வேண்டாம்கிறாகன்னு. பொருந்தின ஜாதகம் எப்படிய்யா இடிக்கும்னு பிடிச்சுக் கேட்டேன். முழுங்கி முழுங்கிச் சொல்றாரு, பொண்ணு தங்கமாம், மகனுக்கும் ரொம்பப் பிடிச்சிருந்துச்சாம், பொண்ணோட அம்மாகிட்டப் பேசத்தான் பயமா இருக்குன்னு அந்தம்மா சொல்லுச்சாம். என்கிட்டப் பயமா? நான் என்ன புலியா? மரியாதையா சம்பந்தி சம்பந்தின்னுதானே பேசுனேன்? எல்லாம் சாக்கு. அவுகளுக்கு முடிதான் பிடிக்கல. வாயில உண்டு உண்டும்பாக, உள்ளுக்குள்ள வேற இருக்கும். இந்த லேசருன்னு ஒண்ணு வராம இருந்திருந்தா இவ சொல்லியிருக்கவே மாட்டா. சொல்ல என்ன இருந்திருக்கும்? ஞாயித்துக்கிழமை ஒம்பது மணி, தாழ்ப்பாள், பரோட்டா. முடிஞ்சு போச்சு.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணுன்னு பெரியவுக சொல்லி வச்சிருக்காகளா இல்லையா? நான் ஒண்ணுதானே தங்கச்சி சொன்னேன்?

அந்த ஞாயித்துக்கிழமை மேகலா வந்தா. நல்லவேளை, பெஞ்சுல ஆளு இல்ல. என்ன சொன்ன அவுககிட்டன்னா. ஒண்ணும் சொல்லலைன்னேன். கதிரு எனக்கு எல்லாம் சொல்லிட்டாரும்மா, அவுக அம்மா ரெண்டு நாளா அழுதுக்கிட்டு இருக்காகளாம், அவுக வாயைத் திறந்து எனக்கும் இருக்குன்னு சொன்னாகளே, அவுககிட்டயா நல்ல குடும்பத்துப் பேச்சைப் பேசுவன்னா. சொன்னா? அவுக சொன்னா நாமளும் ஒத்துக்கணுமான்னேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியே, என் மேலயே சத்தியம் பண்ணியிருக்கியேன்னா. நான் உனக்காகத்தானேடி பண்ணுனேன்னேன். எனக்காக இல்லம்மான்னா. எனக்காக இல்ல, உனக்கு இந்த நாற்காலியில ஆளு வேணும்னா.

அது எப்பேர்ப்பட்ட பேச்சு? பெத்தவளைப் பார்த்துப் பேசுற பேச்சா? எனக்குத் தலைக்கு ஏறிருச்சு. ஒரு வார்த்தை விட்டுட்டேன். சொன்னேன்ல, இருபத்திரண்டு வருஷமா இந்த வாசப்படி தாண்டாத வார்த்தை ரெண்டுன்னு. அதுல ஒண்ணு. கீழ உள்ளது. அதோட ‘க்காரி’ன்னு சேர்த்துச் சொல்லிட்டேன். கோவத்துல வந்தது. மனசுல இருந்து வரல.

அவ அழல. கண்ணாடியில அவளையே ஒரு தடவை பார்த்தா. அந்தா, இப்ப நீங்க பார்க்கிற கண்ணாடிதான். இனிமே என் மூஞ்சியில உன் கை படக் கூடாதும்மான்னு மெதுவாச் சொன்னா. பையை எடுத்துக்கிட்டு இறங்கிட்டா. கீழ பஸ் ஸ்டாண்டுல நிக்கிறது ஜன்னல்ல தெரிஞ்சுது. மதுரை பஸ் வர இருபது நிமிஷம் ஆச்சு. இருபது நிமிஷமும் நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். அவ நிமிர்ந்து மேல பார்க்கல. கூப்பிட்டிருக்கலாம்தான். நான் எதுக்குக் கூப்பிடணும்? பெரியவ நானா அவளா?

போன்ல பேசுவா. சாப்பிட்டியா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டியா, போட்டேன். அவ்வளவுதான். லேசரு போய்க்கிட்டு இருக்காம், ஆறாவது முடிஞ்சிருச்சாம், அது கூட அவ கூட வேலை பார்க்கிற கூட்டுக்காரி சொல்லித்தான் தெரியும்.

ஃபேனைப் பாருங்கன்னேன்ல தங்கச்சி? என் நாடியில என்ன இருக்குன்னு பார்க்கிறீங்க? நானும் வந்ததுல இருந்து கவனிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். படுத்துக்கிட்டுப் பார்த்தா எல்லார் நாடியும் அப்படித்தான் தெரியும்.

சரி. நீங்க வெளியூரு. இந்தக் கல்யாணம் முடிஞ்சா யாரோ நான் யாரோ. சொன்னா என்ன குறைஞ்சு போச்சு?

ஞாயித்துக்கிழமை அவளுக்கு நான் முடிச்சதும், நாங்க இடம் மாறிக்குவோம். நான் உக்காருவேன், அவ நூலைப் பிடிப்பா. பதினாறு வயசுலயே பழக்கிட்டேன். என்னைவிட லேசா இருக்கும் அவ கை. மத்தவளுக்கு எடுக்கிறது வேற, தன் நாடிக்கு அடியில தானே எடுக்கிறது வேற, அதுவும் நாப்பது தாண்டிக் கண்ணு மங்குனப்புறம். அவ பழகுறதுக்கு முன்னாடி எல்லாம் நானேதான். பதினெட்டு வயசுல எங்க சித்தி சாம்பலைத் தொட்டுக்கிட்டு விரலால பிடுங்குச்சு, கல்யாணத்துக்கு மொத நாள். கத்தாதடி, வலிச்சாத்தான் வேரோட வரும்னுச்சு. அப்புறம் இருபத்தொரு வருஷம், எங்க வீட்டுக்காரர் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, அடுப்படியில கைக்கண்ணாடியை வச்சுக்கிட்டு எடுப்பேன். ஒரே பாயில படுத்த மனுசன், கடைசி வரைக்கும் தெரியாது அவருக்கு. அவ்வளவு சுத்தமா வச்சிருந்தேன். நல்ல மனுசன். மதுரைக்குப் போனா நூல்கண்டு வாங்கிட்டு வருவாரு, நான் கேக்காமலேயே, கெட்டி நூலாப் பார்த்து. கடை வைக்கிறதுக்கு முன்னாடியே வாங்கிட்டு வருவாரு. பூக்கட்டன்னு நெனச்சிருப்பாரு.

இப்ப யாரு இருக்கா எனக்கு? இன்னொரு பார்லர்ல போயி உக்கார முடியுமா? மேகலாம்மாவுக்கே கீழ் இருக்காம்னு பொழுது சாயறதுக்குள்ள ஊரெல்லாம் போயிரும். லேசரும் எனக்கு ஆகாதாம். நரைச்ச முடியை அந்த வெளிச்சம் பிடிக்காதாம். உனக்கும் டாக்டர்கிட்டக் கேட்டேன்ம்மான்னு அவதான் சொன்னா, ரெண்டாவது சிட்டிங் முடிச்சு வந்தப்ப. உன்னை யாருடி கேக்கச் சொன்னான்னு அன்னைக்கு ரெண்டு நாள் பேசல நான்.

தை மாசம் ஒரு கூரியர் வந்துச்சு. பொங்கலுக்கு வராதவ, சேலை அனுப்பியிருக்கான்னு பிரிக்கிறேன். ரோஸ் கலரு. விரல் நீளம். ஆறு கிடக்கு டப்பாவுல. ஒரு சீட்டு வச்சிருந்தா. ‘கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பண்ணும்மா, வலிக்காது.’ அவ்வளவுதான் எழுத்து. பெத்த தாய்க்குப் பிள்ளை அனுப்புற சீரைப் பார்த்தீங்களா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அப்படியே குப்பையில போட்டிருப்பேன். கடைக் குப்பையை அள்ளுறவ பார்த்துருவாளேன்னுதான் மேசைக்குள்ள போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை ஒருத்தி, இதே மாதிரி படுத்துக்கிட்டு, என் நாடியைப் பார்த்து மூஞ்சியைச் சுழிச்சா. உங்களை மாதிரி கண்ணை அங்கிட்டுத் திருப்பல. அவ போனதும் தாழ்ப்பாள் போட்டேன். மேசையைத் திறந்தேன். கண்ணாடியைப் போட்டேன். அய்யோ, கண்ணாடி போட்டுப் பார்த்தா எவ்வளவு தங்கச்சி! இத்தனையையும் வச்சுக்கிட்டா ஊரு மூஞ்சியைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன்? அவ அப்பா மாதிரி நாடியை ஒருச்சாய்ச்சேன். வச்சேன். இழுத்தேன்.

வலிக்கவே இல்ல.

கொஞ்சம் கூட வலிக்கல. ரெண்டு நிமிஷம். சாம்பல்ல ஆரம்பிச்சு முப்பத்திரண்டு வருஷம், ஒவ்வொரு முடியா, கண்ணுல தண்ணி வர வர... அந்தப் பிள்ளைக்கும் பதினாலு வயசுல இருந்து... வலிக்காமலே செய்யலாம்னா இத்தனை நாளா எதுக்கு? எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. யாரு மேலன்னு தெரியல. அவ மேலதான். வேற யாரு மேல வரும்?

உடனே போன் பண்ணுனேன். எடுத்தா. என்னம்மான்னா. சொல்லத்தான் நெனச்சேன். சாப்பிட்டியான்னேன். சாப்பிட்டேன்னா. மாத்திரை போட்டியான்னா, போட்டேன்னேன். அப்புறம் வச்சிட்டா. அந்த ரோஸ் கலரை மறுபடி மேசைக்குள்ள போட்டவதான், இன்னும் எடுக்கல.

சரி, மேல் முடிஞ்சுது. பாருங்க கண்ணாடியில. எப்படி இருக்கு? இப்பக் கீழ். தலையை நல்லாப் பின்னாடி சாய்ங்க. ரெண்டு கையாலயும் கழுத்துத் தோலை இழுத்துப் பிடிச்சுக்கங்க. இது கொஞ்சம் கூடுதலா இருக்கும். பல்லைக் கடிச்சுக்கங்க தங்கச்சி. வலிச்சாத்தான் வேரோட வரும்.